தொட்டிலை ஆட்டியவர் யார்?

நம் வீடுகளில் ஒரு வழக்கு உண்டு. மனைவியின் சொல்லே சட்டமாக நடக்கும் குடும்பத்தைச் சுட்டி, "அங்கே அல்லி ராஜ்யமல்லவா நடக்கிறது!" என்பார்கள். புதிதாக மணம் முடித்தவரைப் பார்த்து, "உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பதும் உண்டு. மதுரை என்றால் மீனாட்சியின் ஆட்சி. சிதம்பரம் என்றால் நடராசரின் ஆட்சி. இரண்டையும் கேலியாகவே சொல்கிறோம். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னால் வாளேந்தி நாடாண்ட இரண்டு பெண்களின் கதை இருக்கிறது. அவ்விருவரும் தாய்மார்கள் என்பது கேலி செய்பவர்களுக்கு நினைவில் வருவதே இல்லை.

இவ்வாண்டு நம் மன்ற விழாவில் அல்லியின் கதையை நாடகமாக நடிக்கலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. மிக நல்ல யோசனை. தமிழில் அதைவிடப் பழகிய மாயக்கதை வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பழைய கதையை அப்படியே மேடையேற்றுவதற்கு முன், அதில் ஒரு காட்சி குறைகிறது என்பதை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காட்சி அல்லியின் கதையில் மட்டுமா குறைகிறது? வீர அரசியைத் தாயாகவும் காட்டும் நம் கதைகள் அனேகமாக எல்லாவற்றிலும் குறைகிறது. அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

அல்லியின் கதை நமக்குப் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களில் கிடைக்கிறது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லியரசாணி மாலை' அது. அல்லி மலரில் கிடந்த குழந்தை பாண்டிய மன்னனின் மகளாக வளர்கிறாள். பகைவனைப் போரில் வென்று நாட்டை ஆள்கிறாள். அவளுக்கு அமைச்சர் பெண், படைத்தலைவர் பெண், காவலரும் பெண். ஆணின் நிழல் படாத ஆட்சி. அவளைப் பற்றி அறிந்த அருச்சுனன் ஆசை கொள்கிறான். நேர்வழியில் அடைய முடியவில்லை. ஆகவே கண்ணன் துணையோடு பல வேடங்கள் புனைகிறான். முடிவில் பாம்பு உருவில் அவள் பள்ளியறைக்குள் புகுந்து, அவள் உறங்கும்போதே தாலி கட்டிவிடுகிறான்.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். போர்க்களத்தில் எவராலும் வெல்ல முடியாத அரசியை எப்படி வெல்வது? கதை கட்டியவர்களுக்குக் கிடைத்த வழி, அவள் கண் அயர்ந்த நேரம்தான். மேடையில் பாம்பு வரும்போது நாம் சிரிக்கிறோம். படுக்கையில் வந்த பாம்பைக் கண்டு சிரிப்பதற்கு அல்லியின் இடத்தில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது.

பிறகு என்ன நடக்கிறது? சினம், போர், சமாதானம். புலந்திரன் என்னும் மகன் பிறக்கிறான். அந்தப் பிறப்போடு அல்லியின் கதை அல்லியைவிட்டு நழுவிவிடுகிறது. அடுத்த கதை 'பவளக்கொடி மாலை'. குழந்தை புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப் போன அருச்சுனன் பவளக்கொடியைக் கண்டு மயங்குகிறான். நேற்றுவரை நாடாண்டவள் இன்று சக்களத்தி வந்தாளே என்று குமுறும் மனைவி ஆகிறாள். 1934 இல் இக்கதையே தியாகராஜ பாகவதரைத் திரைக்கு அறிமுகம் செய்த 'பவளக்கொடி' படமாயிற்று. புலந்திரனுக்கும் தனிக் கதை உண்டு. ஆனால் மடியில் குழந்தையோடு அல்லி எவ்வாறு வழக்குக் கேட்டாள், எவ்வாறு படை நடத்தினாள் என்று சொல்லும் கதை மட்டும் நமக்கு வாய்க்கவில்லை.

மதுரைக்கே உரிய மற்றோர் அரசியைப் பாருங்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வேள்வித் தீயில் தோன்றும் தடாதகைப் பிராட்டி, மலையத்துவச பாண்டியனுக்குப் பின் முடிசூடி எண்திசையும் வென்று கயிலை வரை செல்கிறாள். அங்கே இறைவனைக் கண்டதும் அவளுடைய மூன்றாவது மார்பு மறைகிறது. போர் நின்று திருமணம் நிகழ்கிறது. மணமகன் சுந்தர பாண்டியனாக அரியணை ஏறுகிறான். மகன் உக்கிர பாண்டியன் பிறக்க, காவியம் அவன் பின்னால் போய்விடுகிறது. நான் பக்தியைக் குறை சொல்லவில்லை. மதுரை மக்கள் அன்னையின் ஆட்சியை மறக்கவும் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அவளுக்கு முடிசூட்டி, ஆண்டில் நான்கு மாதங்கள் அவள் ஆட்சி என்றும், ஆவணி மூலத்தில் சொக்கருக்கு முடிசூட்டி, எஞ்சிய எட்டு மாதங்கள் அவர் ஆட்சி என்றும் இன்றும் போற்றி வருகிறார்கள். எனினும் கதையின் அமைப்பு அல்லியின் கதை அமைப்பேதான். முதலில் வாள், பிறகு மாலை, பிறகு மகன். மகன் வந்ததும் வாள் எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை.

இவை பழங்கதைகள், இன்றைய கற்பனை மாறிவிட்டது என்று சிலர் சொல்லலாம். 2015 இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த 'பாகுபலி'யின் சிவகாமியை எடுத்துக்காட்டலாம். உண்மைதான், கைக்குழந்தையை ஏந்தியவாறே கலகத்தை அடக்கும் அரசியைத் திரையில் கண்டு நாம் எல்லோரும் கைதட்டினோம். தன் மகனையும் இன்னொருத்தியின் மகனையும் சேர்த்தே வளர்க்கும் பெருந்தகை அவள். ஆனால் அவள் ஏன் ஆள்கிறாள்? இரண்டு பிள்ளைகளில் ஒருவன் வளர்ந்து முடிசூடும் வரை அரியணையைக் காத்து வைப்பதற்காக. அதே சிவகாமியின் இளமைக் காலத்தை வைத்து ஆனந்த் நீலகண்டன் 2017 இல் ஆங்கிலத்தில் 'தி ரைஸ் ஆஃப் சிவகாமி' என்ற மாயநாவலை எழுதினார். தனக்காகவே வாழ்ந்து, பழிதீர்க்கப் புறப்படும் சிவகாமியை அதில் காண்கிறோம். அவள் அப்போது தாயாகவில்லை. அவளுக்கென ஒரு வாழ்வும் வேட்கையும் இருப்பது பிள்ளை பிறக்கு முன். பிறந்த பின் எல்லாம் பிள்ளைகளுக்காக. பழைய கோடு அழியவில்லை. சற்றுத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

இனி, கற்பனையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். அங்கே நிலைமை வேறாக இருக்கிறது.

1772 இல் காளையார்கோயிலில் கும்பினிப் படையோடு நடந்த போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். அரசி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பினார். எட்டாண்டுகள் மறைந்து வாழ்ந்து, விருப்பாட்சி கோபால நாயக்கரின் அடைக்கலத்தையும் ஐதரலியின் படையுதவியையும் பெற்று, மருது சகோதரர்களோடு திரும்பி வந்து, 1780 இல் நாட்டை மீட்டார், ஆண்டார். அந்த எட்டாண்டுகளும் அவர் தாய்தான். தாயானதால் போர் நிற்கவில்லை.

இந்த மராத்திய மண்ணிலும் ஒருத்தி உண்டு. 1700 இல் சத்ரபதி ராஜாராம் இறந்தபோது அவர் மனைவி தாராபாய்க்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. கையில் சிறு குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரால் ஆட்சியை ஏற்று, ஔரங்கசீப் 1707 இல் இறக்கும் வரை முகலாயப் பெரும்படைக்கு எதிராகப் போரை நடத்தினார். ஜான்சி இலட்சுமிபாயின் வழக்கும் அத்தகையதே. கணவர் 1853 இல் மறைவதற்கு முன் சுவீகாரம் செய்த மகன் தாமோதர ராவ். அவனை வாரிசாக ஏற்க மறுத்து 1854 இல் கும்பினியார் ஜான்சியைச் சேர்த்துக்கொண்டனர். 'நான் இவனுக்குத் தாய். இவன் சார்பில் ஆள எனக்கு உரிமை உண்டு' என்பதே அரசியின் வாதம்.

பார்த்தீர்களா வேற்றுமையை? கதைகளில் தாய்மை வந்ததும் ஆட்சி போய்விடுகிறது. வரலாற்றிலோ, கணவனை இழந்த அரசிக்கு ஆளும் உரிமையைத் தந்ததே பல இடங்களில் தாய்மைதான். அதுவும் முழு உரிமையன்று. மகன் பெயரால் ஆளலாம். தன் பெயரால் ஆளக் கூடாது. ஆயினும் அந்த இடுக்கு வழியில் நுழைந்து அவர்கள் படை நடத்தினார்கள். நிகழ்ந்ததைவிட நம் கற்பனை குறுகியிருக்கிறது என்றால், குறை கற்பனையிலா, கற்பனை செய்தவர்களிடத்திலா?

பெயர்களைச் சற்று கவனியுங்கள். மாட்டுங்காவில் நம்மில் பலர் நாள்தோறும் கடந்து போகும் தொழில்நுட்பக் கல்லூரி, ஒரு காலத்தில் விக்டோரியா ஜூபிலி என்ற பெயர் தாங்கியது. 1997 முதல் வீரமாதா ஜீஜாபாய் பெயரைத் தாங்குகிறது. பைகுல்லாவில் உள்ள பழைய ராணி பூங்காவும் அதே வீரமாதாவின் பெயரில்தான் இருக்கிறது. வெள்ளைக்கார ராணியின் பெயர் போய் இந்த மண்ணின் பெண்ணொருத்தியின் பெயர் வந்தது மகிழத்தக்கது. ஜீஜாபாய் சிவாஜியை வளர்த்தவர். மகன் ஆக்ராவுக்குச் சென்றிருந்தபோது நாட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர். ஆனால் நம் காதில் 'வீரமாதா' என்ற சொல் வீரனைப் பெற்றவள் என்றுதான் முதலில் விழுகிறது; வீரமுள்ள தாய் என்று விழுவதில்லை. நமக்கும் இது புதிதன்று. புறநானூற்றில் 'மூதின் முல்லை'த் துறையில் புகழப்படும் தாய்மார் போருக்கு மகனைத் தருபவர்கள். வேல் மகன் கையில்; பெருமை மட்டும் தாய்க்கு. வேலு நாச்சியார் பெற்றதோ பெண். வீர மகனைப் பெற்றவள் என்ற அடையாளம் அவருக்குப் பொருந்தாது. அதனால்தானோ என்னவோ, 'தாய்' என்ற சொல்லை நாம் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வதே இல்லை!

இனி என் தலைப்பிற்கு வருகிறேன்.

முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, உயர்த்திய வாளோடு குதிரை மேல் பாயும் ஜான்சி ராணியின் சிலை நாட்டின் பல நகரங்களில் உண்டு. பள்ளிப் பாடநூலில் அந்தப் படத்தைக் காணாத மாணவர் நம்மில் எவரும் இரார். வீரத்துக்கும் தாய்மைக்கும் அதைவிடச் சிறந்த சின்னம் இல்லை என்பார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு குறை உண்டு. அரசியின் மேல் அன்று. படம் வரைந்தவர்கள் மேல். 1858 இல் தாமோதர ராவ் கைக்குழந்தை அல்லன், வளர்ந்த சிறுவன். அரசி குவாலியர் அருகே வீழ்ந்த பின் அவனை மறைத்துக் காட்டிலும் மேட்டிலும் காப்பாற்றியவர்கள் அவருடைய விசுவாசமுள்ள பணியாளர்கள். பின்னாளில் அவன் இந்தூரில் வாழ்ந்தான். அந்தப் பணியாளர்களுக்குச் சிலை இல்லை. ஏன்? ஒரு பெண் வாளையும் பிள்ளையையும் ஒருத்தியாகவே சுமந்தாள் என்று காட்டுவதில் நமக்கு ஒரு திருப்தி இருக்கிறது. அவளைக் கும்பிட்டு விட்டால் போதும்; குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்ட வேண்டியதில்லை.

அல்லிக்கு நேர்ந்தது ஒரு வகை அநீதி. இந்தச் சிலையில் இருப்பது இன்னொரு வகை. 'தாயாகிவிட்டாய், வாளைக் கீழே வை' என்கிறது பழைய கதை. 'வாளும் வேண்டுமா? சரி, பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்' என்கிறது புதிய கதை. இரண்டிலும் அரண்மனையில் உள்ள மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் வேதியியல் படிக்கிறவள். எங்கள் துறைக்கும் ஒரு வீர அரசி உண்டு. மேரி கியூரிக்கு மூத்த மகள் ஐரீன் பிறந்தது 1897 செப்டம்பரில். அடுத்த ஆண்டு சூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். தொட்டிலில் குழந்தை இருந்த அதே பதினைந்து மாதங்களுக்குள் இரண்டு தனிமங்களை அவரும் கணவரும் அறிவித்தார்கள். இதைக் கேட்டு, 'என்ன அதிசயப் பெண்!' என்று வியந்துவிட்டுப் போவது எளிது. ஆனால் ஐரீனை அப்போது பார்த்துக்கொண்டவர் யார் என்றும் கேட்க வேண்டும். பியேர் கியூரியின் தந்தை யூஜீன் கியூரி, வயது முதிர்ந்த மருத்துவர். மனைவியை இழந்தபின் மகன் வீட்டுக்கு வந்து பேத்தியை வளர்த்தார். மாமனார் தொட்டில் அருகே இருந்தார். மருமகள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். ஐரீனும் பின்னாளில் தாயானார், 1935 இல் நோபல் பரிசும் பெற்றார். அதிசயத்தின் பாதி அந்தக் கிழவரின் மடியில் இருந்தது என்பது என் துணிபு.

பாரிசு வரை போவானேன்? தாராவியில் எங்கள் சந்துக்கு வாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். இந்நகரத்தின் தெருக்களில் காலையில் வரும் இட்லிக்காரர்களில் பலர் எங்கள் பக்கத்துக்காரர்கள். என் அம்மா அந்தத் தொழிலில்தான் எங்களை ஆளாக்கினாள். பின்னிரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி, விடியுமுன் நூற்றுக்கணக்கில் இட்லி அவித்து, சட்னி அரைத்து, அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும்வரை அவளுக்கு உட்கார நேரம் இராது. நானும் தம்பியும் அப்போது யார் பக்கத்தில் படுத்திருந்தோம்? ஆச்சியின் பக்கத்தில். காய்ச்சல் வந்தால் ஆச்சி. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னுவது ஆச்சி. ஆச்சி ஊருக்குப் போன மாதங்களில் அடுத்த வீட்டுப் பெரியம்மா. அம்மா ஒற்றை ஆளாக எங்களை வளர்த்துத் தொழிலும் நடத்தினாள் என்று யாராவது மேடையில் புகழ்ந்தால், முதலில் சிரிப்பவள் அம்மாவாகத்தான் இருப்பாள். "ஏட்டி, அத்தை இல்லன்னா நான் எங்க போவேன்?" என்பாள்.

இதைச் சொல்வதன் காரணம் உண்டு. நம்மில் பலருக்கு ஊரை விட்டு வந்த பின் ஆச்சி இல்லை. செம்பூரில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு உள்ள வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போகிறார்கள். குழந்தை பிறந்தால் யார் நிற்பது? கேள்வியே எழுவதில்லை, மனைவிதான். ஆராய்ச்சி மாணவியர் விஷயமும் அதுவே. சட்டம் ஒன்றும் செய்யாமலில்லை. 2016 இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்கள் 240 நாட்கள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்புப் பெற வழி பிறந்தது. ஆய்வை முடிக்க இரண்டாண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2017 இல் மகப்பேறு விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் விதி வந்தது. நல்லவையே. ஆனால் விடுப்பு என்பது விலகி இருக்க அனுமதி. திரும்பி வந்து நிற்க ஓர் இடமும், அந்த நேரத்தில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கையும் வேண்டுமே! அந்தக் கை தாயின் கையாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கும் வரை எத்தனை நாள் விடுப்புத் தந்தும் பயன் பாதிதான்.

"கதைக்கும் விடுப்புக்கும் என்னம்மா சம்பந்தம்? மாயக்கதையில் போய்த் தொட்டிலைத் தேடுகிறாயே!" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் விடை இது. உலக நடப்புக்குக் கட்டுப்பட்ட கதையானால், 'அந்தக் காலம் அப்படி' என்று சமாதானம் சொல்லலாம். மாயக்கதைக்கு என்ன கட்டு? மனிதனைப் பாம்பாக்க அதற்கு முடிகிறது. மலரிலிருந்தும் தீயிலிருந்தும் பெண்ணைப் பிறப்பிக்க முடிகிறது. அருச்சுனன் பாம்பாக மாறுவதை நினைத்துப் பார்த்தவர்களுக்கு, அருச்சுனன் தொட்டிலை ஆட்டுவதை நினைத்துப் பார்க்க முடியாமற் போனதேன்? இத்தனைக்கும் அவன் விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக ஓராண்டு அந்தப்புரத்தில் இருந்து, அரசகுமாரிக்கு ஆடல் கற்பித்தவன்! வளையலும் ஆடையும் அணிந்து மறைந்து வாழ்ந்தவனுக்குத் தன் பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரியாதா? கற்பனை எங்கே தயங்குகிறதோ, அங்கேதான் ஒரு சமுதாயத்தின் உண்மையான எல்லைக்கல் இருக்கிறது.

இன்னொரு மறுப்பும் வரும். "தாய்மை தெய்வீகமானது, அதைப் பிறரிடம் ஒப்படைக்கச் சொல்வது அதை இழிவுபடுத்துவதாகும்" என்பார்கள். தாய்மையை நான் இழிவாக நினைத்தால் இக்கட்டுரையே தேவையில்லை. பிள்ளையே பெறாத வீர அரசியின் கதையைப் போற்றிவிட்டு அமைந்திருப்பேன். பிள்ளை மேல் ஆசையும் நாட்டின் மேல் ஆசையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தின்ன வேண்டிய விதி இல்லை. இதை நம்புவதாலேயே இவ்வளவும் எழுதுகிறேன். தெய்வீகம் என்று பெயர் சூட்டி வேலை முழுவதையும் ஒருத்தி தலையில் கட்டுவது பக்தியும் அன்று, மரியாதையும் அன்று.

ஆகவே நம் நாடகக் குழுவினருக்கு என் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, அல்லி நாடகத்தை நடியுங்கள். பாம்புக் காட்சியையும் விட வேண்டாம். ஆனால் அதை நகைச்சுவையாக்காதீர்கள். விழித்தெழுந்த அல்லி என்ன நினைத்தாள் என்பதற்கு அங்கே ஐந்து நிமிடம் கொடுங்கள். சிரிக்க வந்தவர்கள் சற்று மௌனமாக இருக்கட்டும்.

இரண்டாவது, புலந்திரன் பிறந்த பின் ஒரு காட்சியைப் புதிதாக எழுதுங்கள். அரசவை, வழக்குக் கேட்கும் அல்லி, எல்லையில் பகைவர் படை வந்த செய்தி. தொட்டிலில் குழந்தை அழுகிறது. அவையில் அமைச்சர் இருக்கிறார், தளபதி இருக்கிறார், விருந்தாளியாக வந்து கணவனான அருச்சுனனும் இருக்கிறான். யார் எழுவது? அந்தக் கேள்வியை அவையோர் முன் வையுங்கள். அல்லி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குதிரை ஏறுவதாக மட்டும் முடித்துவிடாதீர்கள். அதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். அருச்சுனன் எழுந்து போய்த் தொட்டிலை ஆட்டட்டும். அல்லி போய்ப் போரில் வென்று வரட்டும். வந்ததும் தூங்கும் மகனைத் தூக்கி முத்தமிடட்டும். அப்போதும் அவள் தாய்தான். அப்போதும் அவள் அரசிதான்.

மூன்றாவது, இது மேடையோடு நிற்க வேண்டாம். நம் மன்றத்தில் உற்சாகமாகப் பேசி, பாடி, பணி செய்த மூத்த மாணவியர் பலர் மணமாகிக் குழந்தை பிறந்த பின் கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர்களுடைய கணவன்மாரில் நம் மன்றத்தாராகவே உள்ளவர்கள் மட்டும் தவறாமல் வருகிறார்கள்! இந்த வேற்றுமை நம் கண்ணில் படவில்லையா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தன்று பக்கத்து அறையில் ஒரு பாயை விரித்து, நான்கு விளையாட்டுச் சாமான்களை வைத்து, முறை போட்டு இரண்டு பேர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வோம். முறையில் ஆண்களின் பெயரும் சரிபாதி இருக்கட்டும். செலவு ஒன்றுமில்லை. முதல் மாதப் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு தோழரின் பெயரையும் எழுதுங்கள்.

வீர அரசியைப் பாராட்ட நமக்குத் தெரியும். மேடை கட்டுவோம், சிலை வைப்போம், தெருவுக்குப் பெயரிடுவோம். அவள் போர்க்களம் செல்லும் நேரத்தில் கையிலுள்ள குழந்தையை வாங்கிக்கொள்ளத்தான் இன்னும் பழகவில்லை. தோழர்களே, தோழியரே, அதைப் பழகுவோம். பிறகு, 'அங்கே அல்லி ராஜ்யம்' என்று யாராவது நம்மைக் கேலி செய்தால், "ஆம், அல்லி ராஜ்யம்தான்; தொட்டிலுக்கும் அதில் ஆள் உண்டு" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.